விளக்கைத் தேடி வந்ததா, நிலைக்கடியிலிருந்து வந்ததா?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 61 வயது ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு புள்ளிகளுக்கு, அதாவது நான்கு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொதுவான இரண்டு கட்டு வீடு. மற்ற மூன்று புள்ளிகளும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, இவரும் கணவரும் மட்டும் முதல் கட்டில் குடியிருக்கிறார்கள். இரண்டாம் கட்டு அறைகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. விடுமுறைக்குப் பேத்தி வந்திருக்கிறாள்.

கத்திரி வெயிலுக்கு நடுவே ஒரு பிற்பகல் இடி மின்னலோடு நல்ல மழை. அன்று இரவு ஏழு மணி வாக்கில் முகப்பு விளக்கைச் சுற்றி நீள இறக்கையோடு பழுப்புப் பூச்சிகள் மொய்த்தன. காலையில் திண்ணை முழுக்க இறக்கைகள், முறத்தில் அள்ளும் அளவுக்கு. மறுநாள் இரவு கொல்லையில் இருக்கும் வேம்பைச் சுற்றி ஒரே இரைச்சல்; தகரக் கொட்டகை மேல் பொட்டுப் பொட்டென்று வண்டுகள் விழுந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டாம் கட்டில் பண்டம் வைக்கும் அறையைத் திறந்தவர், விளக்கே போடாத அந்த நேரத்தில், கதவு நிலையின் அடியிலிருந்து சின்ன இறக்கைப் பூச்சிகள் சாரை சாரையாக வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார். இதற்கிடையில் பேத்தியின் கழுத்தில் கோடு இழுத்தது போல எரிச்சலும் கொப்புளமும். அக்கி என்று சொல்லிக் காவி எழுதியாயிற்று.

அறைச் சுவரில் ஓடிய மண் கோடுகளைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவியிருக்கிறார். பூச்சி மருந்து அடிக்கும் ஆள் ஒருவர் வந்து பார்த்து, வீடு முழுக்கப் புகை அடித்து, பூட்டிய அறைகளில் ‘கோடவுன் மாத்திரை’ வைத்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் என்றாராம். “பர்மாத் தேக்கு, முட்டைச் சாந்துச் சுவர். இதில் கரையான் எப்படி வரும்? மூன்று நாளும் வந்தது என்ன பூச்சி? மாத்திரை வைக்கலாமா?” என்று கேட்கிறார். கடிதத்தோடு செலோ டேப்பில் ஒட்டிய இறக்கைகளும், தீப்பெட்டியில் இரண்டு வண்டுகளும் வந்தன.

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

இறக்கைகளை ‘முதல் நாள்’, ‘மூன்றாம் நாள்’ என்று தனித்தனியாக எழுதி ஒட்டி அனுப்பினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. பூச்சி என்றாலே கலங்கலாக ஒரு செல்போன் படம் அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

நீங்கள் ஒரே பூச்சி மூன்று நாள் வந்ததாக நினைத்துக் கேட்கிறீர்கள். வந்தவை மூன்று வகை. பேத்தியின் கழுத்துக்குக் காரணமானது நான்காவது. கோடை மழை மண்ணை நனைத்ததும் பல பூச்சிகள் ஒரே சமயத்தில் வெளியே வரும். எல்லாவற்றுக்கும் அந்த மழைதான் அழைப்பு. ஆகையால் என்ன பூச்சி என்பதைவிட, எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலில் பாருங்கள். விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்ததை விளக்கை அணைத்துச் சமாளிக்கலாம். வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியதை அப்படி விட முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது மூன்றாம் நாள் மட்டுமே.

முதல் நாள் இறக்கை ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் அளவு, புகைபிடித்த கண்ணாடி போன்ற பழுப்பு. மூன்றாம் நாள் இறக்கை ஒரு சென்டிமீட்டர்தான், வெளிர் நிறம், லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுண்ணிய மயிர் தெரிகிறது. இரண்டிலும் முன் ஓரத்து நரம்பு மட்டும் தடிப்பு; அடிப்பாகம் கத்திரித்தது போல ஒரே கோட்டில் ஒடிந்திருக்கிறது. பறந்து முடித்ததும் இறக்கையை அந்தக் கோட்டில் ஒடித்துப் போட்டுவிடுவது ஈசலின், அதாவது இறக்கை முளைத்த கரையானின் பழக்கம். பறக்கும் எறும்பும் இறக்கையை உதிர்க்கும். ஆனால் எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே அளவு, இடுப்பு தெரியாது, உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். ஆக, முதல் நாளும் மூன்றாம் நாளும் வந்தவை ஈசல்தான், ஆனால் வேறு வேறு கரையான் குடிகளின் ஈசல்.

பெரிய இறக்கைக்காரர்கள் புற்றுக் கட்டும் ஓடான்டோடெர்மஸ் வகை. வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் பார்க்கும் செம்மண் புற்றுகள் இவர்களுடையவை. புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்த்துத் தின்கிறார்கள். மழைக்குப் பின் புற்றுக் காளான் முளைப்பது அந்தத் தோட்டத்திலிருந்துதான். இந்த ஈசல் தெருவிலிருந்து முகப்பு விளக்குக்கு வந்தது. பறப்பதற்கென்றே வளர்ந்தது, மரத்தைத் தின்னாது. பெரும்பாலானவை பல்லிக்கும் தவளைக்கும் காக்கைக்கும் இரையாகும். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி ஈர மண்ணைக் கண்டுபிடித்து இறங்கினால்தான் புதுக் குடி. ஆத்தங்குடிக் கல் பாவிய முகப்பில் அதற்கு வழியில்லை. கூட்டி அள்ளிக் கோழிக்குப் போடலாம். அரிசியோடு வறுத்துத் தின்பவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அன்றைக்கு மருந்து அடித்த வீட்டு ஈசலை மட்டும் யாரும் தொட வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம்.

சின்ன இறக்கை வேறு கதை. அளவும் மயிரும் வெளிர் நிறமும் காப்டோடெர்மஸ் வகையைக் காட்டுகின்றன. கட்டடங்களுக்கு அதிகச் சேதம் செய்யும் நிலத்தடிக் கரையான்களில் இதுவும் ஒன்று. அது நிலைக்கடியிலிருந்து வெளியே வந்தது என்றால், குடி அங்கேயோ பக்கத்திலோ இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய கரையான் குடி ஈசல் விடாது. சில வருடம் வளர்ந்து பெருத்த பிறகே விடும். “போன வாரம் வரை ஒன்றும் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தது, பூட்டிய அறைக்குள் தெரியாமல் இருந்தது. ஈசல் செத்துவிட்டதால் தொல்லை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். வெளியேறியவை போக, தின்னும் வேலைக்காரக் கரையான்கள் முழுவதும் உள்ளேதான் இருக்கின்றன.

பர்மாத் தேக்கும் முட்டைச் சாந்தும்

தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. வைரம் பாய்ந்த உள்கட்டையில் இயற்கையாகவே கரையானுக்கு ஆகாத பொருள்கள் உண்டு. அதனால்தான் உங்கள் தூண்கள் இத்தனை காலம் நிற்கின்றன. வெளிப்புறத்து வெளிறுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓட்டு ஒழுக்கில் வருடக்கணக்கில் நனைந்த வைரமும் நாளடைவில் பலம் இழக்கும். அதோடு, கரையான் தேக்கைத் தின்னாமல் அதன் மேலேயே மண் குழாய் கட்டிக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடும். அந்த அறையில் மாமர அலமாரி, ஒட்டுப்பலகைத் தட்டு, அட்டைப் பெட்டி, பழைய கணக்கு நோட்டு, ஓலைப்பாய் எது இருந்தாலும் அதுதான் இலக்கு. பழைய வீடுகளைப் பழுது பார்க்கும்போது தேக்கு நிலையில் மலிவு மரத்துண்டை ஒட்டுப் போட்டிருப்பார்கள்; முதலில் போவது அந்த ஒட்டுதான்.

முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த சுண்ணாம்புப் பூச்சு வழவழப்புக்கும் குளிர்ச்சிக்கும் பெயர் போனது. அது சுவரின் மேல் தோல். உள்ளே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் கரையான் வேலைக்காரனுக்குப் போதும். அடித்தளத்து மண்ணிலிருந்து சுவரின் நடுவழியாக ஏறி, நிலை சுவரில் பதியும் இடத்தில் வெளிப்படும். வெளியே பூச்சு கண்ணாடி போல மின்னிக்கொண்டே இருக்கும்.

மண் கோடுகளைச் சுரண்டியது நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் தடயம் போய்விட்டது. மண்ணெண்ணெய் பட்ட இடத்தைத் தவிர்த்துவிட்டுக் கரையான் வேறு வழி எடுக்குமே தவிரச் சாகாது. காய்ந்த மரத்தில் மண்ணெண்ணெய் ஊறியிருப்பது தீக்கு ஆபத்து. இனிமேல் வேண்டாம், அறையைத் திறந்து வைத்து வாடை போகட்டும்.

இப்போது செய்ய வேண்டியது சோதனை. டார்ச், தட்டையான ஸ்குரூ டிரைவர், சுண்ணாம்புக் கட்டி போதும். நிலையின் அடியிலிருந்து ஒரு அடி உயரம் வரை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான மரம் ‘டக்’ என்று ஒலிக்கும், உள்ளே தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தில் முனையை மெல்ல அழுத்துங்கள்; காகிதம் போல உள்ளே போனால் அங்கே சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். பெட்டகத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி அதன் முதுகைப் பாருங்கள். உத்திரமும் கைமரமும் சுவரில் நுழையும் வாய்களைக் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுக்குக் கறை எங்கெங்கே இருக்கிறதோ அங்கே இரண்டு தடவை பாருங்கள், ஏனென்றால் ஈரம் இருந்தால் இந்த வகைக் கரையான் மண்ணை விட்டு மேலேயும் கூடு வைத்துக்கொள்ளும். முற்றத்துத் தண்ணீர் இறங்கும் குழாய் ஒழுகினால் மருந்துக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். ஈரத்தை விட்டுவைத்து மருந்து மட்டும் ஏற்றுவது வீண் செலவு.

புதிய மண் குழாய் தென்பட்டால் முழுவதும் சுரண்டாதீர்கள். நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஓரிரு நாளில் ஈர மண்ணால் அடைத்திருந்தால் குடி உயிரோடு இருக்கிறது, அந்த வழியையே பயன்படுத்துகிறது. அடைக்கவில்லை என்றால் வழி மாறியிருக்கலாம். ஒழிந்துவிட்டது என்று முடிவு கட்ட அது போதாது.

சோதனையில் மண்ணே இல்லாமல், பெட்டிக்கடியில் கசகசா போன்ற சிறு மணிகள் குவிந்திருந்தால் அது காய்ந்த மரக் கரையான். லென்ஸில் பார்த்தால் மணி ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை தெரியும். மாவு போலப் பொடி கொட்டினால் உளு வண்டு. இந்த இரண்டுக்கும் மண்ணில் மருந்து ஏற்றிப் பயனில்லை. அந்த மரத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

மாத்திரை வேண்டாம்

கோடவுன் மாத்திரை என்று அவர் சொன்னது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். தானிய மூட்டைகளைத் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடிப் பயன்படுத்துவதற்கானது. குடியிருக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை. உங்கள் வீட்டில் எந்த அறையும் காற்றடைப்பு அறை அல்ல. மேலே சாளரம், கதவுக்கு மேல் காற்றுத்துளை, எல்லா அறையும் ஒரே வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தைப் பார்த்தவை. இரண்டாம் கட்டில் வைத்த வாயு நீங்கள் உறங்கும் அறைக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மாத்திரையைக் கடையில் பொதுமக்களுக்கு விற்கவும் கூடாது. விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. இத்தனை ஆபத்துக்கும் பிறகு, மண்ணுக்குள் இருக்கும் குடியை அது தொடவே தொடாது.

புகை அடிப்பதும் அப்படித்தான். பறந்துகொண்டிருக்கும் பூச்சி விழும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். சுவருக்குள் இருப்பது சுவருக்குள்ளேயே இருக்கும்.

மருந்து ஏற்றுவதானால்

கட்டி முடித்த கட்டடங்களுக்குக் கரையான் மருந்து ஏற்றும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 6313, மூன்றாம் பாகம் சொல்கிறது. வருபவரிடம் அதன்படி செய்வீர்களா என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கேட்டு விழித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். சுருக்கம் இது: சுவரும் தரையும் சேரும் கோட்டில் 12 மில்லிமீட்டர் துளைகள், 30 சென்டிமீட்டருக்கு ஒன்று, தரைக்கடி மண்ணைத் தொடும் ஆழம்; துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் கரைசல். நிலை சுவரில் பதியும் இடத்தில் 6 மில்லிமீட்டர் துளைகளைக் கீழ்நோக்கி 45 பாகை சாய்வாகப் போட்டு மருந்து செலுத்த வேண்டும்.

மருந்தில் இரண்டு ரகம். ஒன்று, கரையானை விரட்டுவது. மருந்து படாத இடுக்கு வழியே அது மறுபடி வரும். மற்றது, மருந்து இருப்பதே தெரியாமல் கரையான் நடந்து போய், உடம்பில் ஒட்டியதைக் கூட்டுக்குள் மற்றவற்றுக்கும் பரப்புவது. இமிடாகுளோபிரிடும் ஃபிப்ரோனிலும் இரண்டாம் ரகம். வயதானவர்களும் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு, வாடை அதிகமுள்ள குளோர்பைரிபாஸைவிட இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. (30.5 சதவீதம் மருந்துள்ள திரவ வடிவம்) கேளுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. உங்கள் பண்ட அறை 12 அடிக்கு 10 அடி என்கிறீர்கள். சுற்றளவு 44 அடி, அதாவது சுமார் 44 துளை, 44 லிட்டர் கரைசல், 92 மில்லி மருந்து. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, டப்பாவின் முத்திரையை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பத்து லிட்டர் தெளிப்பானோடு வந்து ‘முழு அறையும் முடிந்தது’ என்றால் எங்கோ கணக்கு இடிக்கிறது.

ஆத்தங்குடிக் கல்லில் கவனம் வேண்டும். சூளையில் வேகாத, கையால் வார்த்த சிமென்டுக் கல் அது. அதிரடித் துளைக்கருவி வைத்தால் மூலை பெயரும், பூ வேலை போட்ட பழைய கல்லுக்கு இணை தேடி அலைய வேண்டும். கல்லின் நடுவில் துளைக்க விடாதீர்கள். ஓரக் கல் சுவரைத் தொடும் இடுக்கில், சுத்தியல் அடிப்பு இல்லாத சுழற்சியில் மெதுவாகத் துளைக்கட்டும். சிந்திய கரைசலை உடனே துடைக்க வேண்டும். துளையை வெள்ளைச் சிமென்டோடு அந்த நிறத்துக்கேற்ற ஆக்சைடு நிறப்பொடி கலந்து அடைக்கலாம்.

வீட்டுக்குள் கிணறு இருக்கிறதா என்று எழுதவில்லை. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கொல்லைக் கிணறு சாதாரணம் என்பதால் சொல்கிறேன். கிணற்றடியிலும், முற்றத்து மழைத்தண்ணீர் சேரும் தொட்டியோரமும் மண்ணில் மருந்து ஏற்றக் கூடாது. அந்தப் பக்கத்துச் சுவரில் கரையான் இருந்தால் இரை வைக்கும் முறையைக் கேளுங்கள்: கரையான் தோல் உரிப்பதைத் தடுக்கும் மருந்து கலந்த இரையைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், மெதுவாகக் குடியே அழியும். மாதக்கணக்கில் ஆகும், செலவும் கூடும், ஆனால் துளை இல்லை. காப்டோடெர்மஸ் வகைக்கு இது நன்றாகப் பலிக்கும். பூஞ்சை வளர்க்கும் புற்றுக் கரையான் இரையை அவ்வளவாக எடுக்காது. அதனால்தான் எந்த வகை என்று உறுதிசெய்யாமல் பணம் கட்ட வேண்டாம் என்கிறேன்.

ஐந்து வருட உத்தரவாதத்துக்கு வருகிறேன். எதற்கு உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ‘மறுபடி வந்தால் மறுபடி மருந்து ஏற்றுவோம்’ என்பதுதான் அதன் பொருள்; தின்று போன நிலைக்கு ஈடு கிடையாது. பூச்சி மருந்தைத் தொழிலாகப் பயன்படுத்துபவருக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அதன் நகல், மருந்தின் பெயர், செறிவு, மொத்த லிட்டர், ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் இலவச மறு சோதனை, இவை ரசீதிலேயே இருக்கட்டும். சொன்னபடி செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தக் காகிதம்தான் துணை.

பொது வீடாயிற்றே. அவசரப் பாதுகாப்பு வேலை என்றாலும் தரையைத் துளைப்பதற்கு முன் மற்ற மூன்று புள்ளிகளுக்கும் படங்களோடு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். செலவைப் பங்கு போடும்போதும், நாளைக்கு ‘எங்கள் அறைக் கல்லை யார் உடைத்தது’ என்ற பேச்சு வராமலிருக்கவும் அது உதவும். அவர்களுடைய பூட்டிய அறைகளையும் அதே சமயத்தில் திறந்து பார்க்கச் சாவி கேளுங்கள். ஒரு அறைக்கு மட்டும் மருந்து ஏற்றினால் கரையான் சுவருக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

தீப்பெட்டி வண்டு

இரண்டாம் நாள் வேம்பைச் சுற்றி இரைந்தவை வேர்ப்புழு வண்டுகள், ஹோலோட்ரைகியா இனம். வருடம் முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு, முதல் கோடை மழை நனைத்த சாயங்காலம் மேலே வந்து வேம்பு, முருங்கை போன்ற மரங்களில் ஏறி இலையைத் தின்று, இணை சேர்ந்து, விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும். கடிக்காது, கொட்டாது, மரச்சாமானைத் தொடாது. இதன் புழு நிலக்கடலை வேரைத் தின்னும். உங்களுக்குக் கடலைக் கொல்லை இல்லை என்றால் மறந்துவிடலாம். பக்கத்தில் போடுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இரவு எட்டு மணிவாக்கில் மரத்தடியில் படுதா விரித்து, கிளையை உலுக்கி, விழுந்த வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் அந்த வருடப் புழு குறையும். ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டினால் மேற்கொண்டு வழி சொல்வார்கள்.

பேத்தியின் கழுத்து

கழுத்து மடிப்பில் கோடாக எரிச்சல், மறுநாள் கொப்புளம், எதுவும் கடித்ததாகக் குழந்தை சொல்லவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெடிரஸ் வண்டு என்றே தோன்றுகிறது. சிலர் ஆசிட் பூச்சி என்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள், எறும்பு போல ஒல்லி, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். கண்மாய், வயல் ஈரத்தில் வாழ்வது. மழைக்குப் பின் விளக்குக்கு வரும். கடிக்காது. உடம்பில் ஊரும்போது நசுக்கினால் அதன் உடல்நீரிலுள்ள பெடிரின் என்ற நச்சு தோலை எரிக்கும். கை இழுத்த கோட்டிலேயே கொப்புளம் வரும். உடனே தெரியாது, ஒரு நாள் கழித்தே எழும்பும். அதனால்தான் பூச்சியை யாரும் சந்தேகிப்பதில்லை.

அக்கி வேறு நோய். பெரும்பாலும் வலியில் தொடங்கி, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொத்துக் கொத்தாக எழும்பும். காவி எழுதினால் எது என்று மருத்துவர் பார்க்கவே முடியாமல் போகும். மென்மையாகக் கழுவிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டில் எது என்று அவரே தீர்மானிக்கட்டும். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். கண் இமை வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். இனி இந்தப் பூச்சி மேலே விழுந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளச் சொல்லுங்கள். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். படுக்கும் முன் தலையணையை உதறுங்கள்.

அடுத்த மழைக்கு

மழை பெய்த நாளும் அதற்கடுத்த இரண்டு மூன்று சாயங்காலமும், ஆறரை முதல் எட்டரை வரை முகப்பு, வளவு விளக்குகளை அணைத்து வைத்தாலே வெளியிலிருந்து வரும் கூட்டம் பெருமளவு குறையும். வெள்ளை டியூப் லைட்டும் நீல வெள்ளை எல்.இ.டி.யும் பூச்சியை இழுக்கும். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்ட மஞ்சள் பல்பு இழுப்பது குறைவு. கட்டாயம் வெளிச்சம் வேண்டுமென்றால், வீட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளிக் கொல்லைக் கடைசியில் ஒரு வெள்ளை விளக்கைத் தொங்கவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சோப்புத்தூள் ஒரு கரண்டி போடுங்கள். கூட்டம் அங்கே போகும். வாசலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் நீங்களே அழைத்துக்கொண்டதாக ஆகிவிடும். படுக்கை அறைச் சாளரங்களுக்கு வலை அடித்துவிடுங்கள்.

பண்ட அறையில் இருப்பவற்றைச் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி, இரும்புத் தட்டில் ஏற்றுங்கள். அட்டைப் பெட்டிகளை வெளியேற்றுங்கள். கொல்லைச் சுவரை ஒட்டி அடுக்கிய விறகும் தென்னை மட்டையும் வீட்டுக்குள் நுழையக் கரையானுக்குப் போட்ட பாலம். தூரமாகக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எனக்கு இன்னொரு பொருள் வேண்டும். இறக்கையை வைத்து நான் சொன்னது ஊகம் கலந்தது; சிப்பாய்க் கரையானைப் பார்த்தால்தான் வகை உறுதி. சுண்ணாம்பு வட்டம் போட்ட இடத்தில் மரத்தை லேசாகப் பெயர்த்தால், வெள்ளை வேலைக்காரர்களோடு மஞ்சள் தலையும் கொடுக்கும் உள்ளவை ஓடிவரும். புல்லால் சீண்டுங்கள். நெற்றியிலிருந்து பால் போல ஒரு துளி கசிந்தால் அது காப்டோடெர்மஸ். கசிந்தாலும் கசியாவிட்டாலும் அவற்றில் நாலைந்தை, கை கழுவும் சானிடைசர் ஊற்றிய சின்னச் சீசாவில் போட்டு, எந்த அறை, எந்தச் சுவர், என்ன தேதி என்று ஒட்டி அனுப்புங்கள்.